நூலாசிரியனுக்குச் சுயராஜ்யம்

சென்ற வாரம் செம்பாக்கத்திலிருந்து ஓர் இளைஞர் நம்மைக் காண வந்தார். கையில் தாம் எழுதிய நூலின் பிரதியொன்று இருந்தது. சேலையூர் முதல் மேடவாக்கம் வரையில் ஏரிப் பாசனத்தை நம்பி உழுது பிழைத்த கிராமங்கள் எவ்வாறு வீட்டு மனைகளாக மாறின என்பதே அந்நூலின் பொருள். முதியோர் பலரை வீடு தேடிச் சென்று விசாரித்தும், பழைய நிலப் பதிவுகளைப் புரட்டியும், மூன்றாண்டு பாடுபட்டு அவர் அதை எழுதியிருக்கிறார். கடன் வாங்கி, 45,000 ரூபாய் செலவில், 500 பிரதிகள் அச்சிட்டிருக்கிறார். விலை 200 ரூபாய். கல்யாண மண்டபம் ஒன்றில் வெளியீட்டு விழா நடந்தது. மாலைகளுக்கும் பொன்னாடைகளுக்கும் குறைவில்லை. வந்திருந்தோர் இருநூறு பேருக்கு மேல். ஆயினும் இன்று வரையில் விலைக்குப் போன பிரதிகள் 63. இனாமாகப் போனவை 40. மீதி யாவும் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

அவர் நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். தம் பெயர் நாடறியச் செய்வதற்கு வழி யாது என்பது முதற் கேள்வி. இரண்டாவது கேள்வியை அவர் சற்றுத் தயங்கியே கேட்டார். அவ்வட்டாரத்து மனை வியாபாரி ஒருவர் 300 பிரதிகளை முழு விலைக்கே வாங்கிக்கொள்ள முன்வந்திருக்கிறாராம். நிபந்தனைகள் இரண்டு. முகப்பில் அவருடைய படம் அச்சிடப்பட வேண்டும்; ஏரியின் வரத்துக்கால்வாய் ஒன்று மண் மூடி மனையான வரலாற்றைக் கூறும் அத்தியாயத்தை எடுத்துவிட்டு மறுபடியும் கட்டித் தர வேண்டும். "ஐயா, ஓர் அத்தியாயம்தானே! கடன் தீர்ந்துவிடும். சம்மதிப்பது தவறா?" என்று வினவினார் இளைஞர்.

இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள் அல்ல. ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்பது நமது துணிபு. தனக்கென்று வாசகர்களைப் பெறாத நூலாசிரியன் யாரேனும் ஒரு செல்வரின் வாசலில் நின்றே தீர வேண்டும். அக்காலத்தில் அது ஜமீன்தாரின் வாசல். இக்காலத்தில் மனை வியாபாரியின் வாசல், கட்சித் தலைவரின் வாசல், அல்லது நூலக ஆணைக்குக் காத்திருப்போர் நிற்கும் சர்க்காரின் வாசல். வாசல்தான் மாறிற்று, நிற்பது மாறவில்லை. ஒரு தேசம் தன் வரவு செலவைத் தானே பார்த்துக்கொள்ளும்போதுதான் அதற்குச் சுயராஜ்யம் உண்டு. நூலாசிரியனுக்கும் அவ்வாறே. அவனுடைய சுயராஜ்யம் அவனுடைய வாசகர்களே.

நாம் அவரை ஒன்று கேட்டோம்: "அந்த 63 பிரதிகளை வாங்கியவர் யார் யார்?" அவருக்குத் தெரியவில்லை. மண்டபத்து மேசையில் சில விற்றன. கடைக்காரர் ஒருவர் மூலம் சில விற்றன. மற்றவை எங்கே போயின என்றே அறியார். நாயன்மார் அறுபத்து மூவரின் பெயரைத் தமிழுலகம் இத்தனை நூற்றாண்டுகளாக மறக்கவில்லை. இந்த அறுபத்து மூவரின் பெயரை இவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை! ஆனால் தம் கைப்பேசியை எடுத்து, முகநூலில் தம்மைப் பின்தொடர்வோர் நாலாயிரம் பேர் என்று காட்டினார். நாலாயிரம் பேர் முகத்தை அறிவர். நூலை அறிந்தோர் அறுபத்து மூவரே. கியாதி என்பது வேறு. வாசகர் கூட்டம் என்பது வேறு. இந்த வேற்றுமையை உணராமையே நம் எழுத்தாளர் பலருடைய துன்பத்துக்குக் காரணம்.

இது புதிய துன்பமன்று. நம் மகாகவி பாரதியாரின் சரித்திரமே இதற்குச் சான்று. 1907-இல் அவருடைய தேசியப் பாடல்கள் மூன்றைத் துண்டுப் பிரசுரமாக 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கியவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவர் மிதவாதி, பாரதியாரோ தீவிரவாதி. அரசியலில் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் பாடலின் அருமையை உணர்ந்து கைப்பொருள் செலவிட்டார். எதையும் திருத்தச் சொல்லவில்லை. அத்தகைய செல்வர்களும் நம் நாட்டில் இருந்தனர் என்பதை நன்றியோடு சொல்கிறோம். ஆனால் எல்லாச் செல்வரும் கிருஷ்ணசாமி ஐயராக இருப்பர் என்று நம்பி ஓர் இலக்கியம் வளர இயலாது.

1908-இல் பாரதியார் புதுச்சேரி சென்றார். 'இந்தியா' பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது வருவதை அரசாங்கம் தடுத்தது. 1910-இல் பத்திரிகை நின்றது. சர்க்கார் கவிஞரின் கையைக் கட்டவில்லை. அவருக்கும் வாசகருக்கும் இடையில் இருந்த பாதையை அடைத்தது. அடக்குமுறையின் சூட்சுமம் இதில் இருக்கிறது. எழுதுகிறவன் எழுதிக்கொண்டே போகட்டும்; படிக்கிறவனிடம் போய்ச் சேராதிருந்தால் போதும் என்பதே அதன் கணக்கு. 'பாஞ்சாலி சபதம்' முதற் பாகம் 1912-இலும், 'கண்ணன் பாட்டு' 1917-இலும் அச்சேறின. கண்ணன் பாட்டை வெளியிட்டவர் இளைஞரான பரலி சு. நெல்லையப்பர். ஆயினும் பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பில் பெரும்பகுதி கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது.

1920-ஆம் ஆண்டு கடையத்திலிருந்து பாரதியார் ஒரு திட்டம் வெளியிட்டார். தம் எழுத்துக்கள் யாவற்றையும் 40 நூல்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடுவது. அதாவது மொத்தம் நான்கு லட்சம் பிரதிகள். இதற்கு முதலில் 20,000 ரூபாய் வேண்டுமென்று கணக்கிட்டு, நண்பர்களிடம் அதைக் கடனாகக் கேட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீட்டுக்கு வீடு செலவாகும் என்று உறுதியாக நம்பினார். பணம் சேரவில்லை. அவ்வாண்டின் இறுதியில் அவர் மீண்டும் சுதேசமித்திரன் காரியாலயத்தில் உத்தியோகம் ஏற்றார். 1921 செப்டம்பரில் மறைந்தார். 1922-இல் செல்லம்மாள் 'பாரதி ஆசிரமம்' என்ற பெயரில் கணவரின் பாடல்களை வெளியிடத் தொடங்கினார்.

இத்திட்டத்தைக் கவியின் கனவென்று நகைப்போர் உண்டு. நாம் நகைக்கமாட்டோம். விலை மலிவாயிருக்க வேண்டும், பிரதிகள் மிகுதியாக இருக்க வேண்டும், வீட்டுக்கு வீடு போக வேண்டும் என்று அவர் கண்ட மூன்றும் மெய்யே என்பதைப் பிற்காலம் காட்டிவிட்டது. குறை எங்கே இருந்தது? நமக்குத் தோன்றுவது இதுதான்: பாடல்கள் ஆயிரமாயிரம் பேரின் நாவில் இருந்தன, ஆனால் அவர்களுடைய பெயரும் விலாசமும் எவர் கையிலும் இல்லை. கடிதம் போனது பணம் உள்ள சில நண்பர்களுக்கு. பாடலைப் பாடிய பல்லாயிரவருக்குப் போகவில்லை. போக வழியுமில்லை, புதுச்சேரி வாசம் அந்த வழியைத் துண்டித்திருந்தது.

இதற்கு மறுபுறம் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரைப் பார்ப்போம். 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர், செல்வரல்லர். அவர் கையாண்ட வழி யாது? நூல் வெளிவருமுன்பே வாங்குவதாக வாக்களிப்போரிடம் கையொப்பம் சேகரித்தார். உத்தியோகஸ்தர், வக்கீல்கள், ஆசிரியர்கள், மடத்தைச் சார்ந்தோர் என்று ஒவ்வொருவராகக் கண்டு பேசினார். கையொப்பமிட்ட யாவரும் காலத்தில் பணம் கொடுத்துவிட்டனர் என்று எண்ண வேண்டா. அத்தொல்லையும் அவருக்கு இருந்தது. ஆனாலும் நூல் வெளிவந்தது. சிலப்பதிகாரம் 1892-இலும் புறநானூறு 1894-இலும் தொடர்ந்தன. சமண காவியமாகிய சிந்தாமணியைச் சைவரான பேராசிரியர் பதிப்பித்தார். பல சமயத்தினரும் கையொப்பமிட்டனர். ஒருவரையே நம்பியிராததால் ஒருவருக்காகவும் ஒரு செய்யுளைக்கூட நீக்க வேண்டிய நிலை அவருக்கு நேரவில்லை.

தேசத்தொண்டர்களாகிய வாசகர்கள் கவனிக்க வேண்டிய சரித்திரம் இன்னொன்று உண்டு. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1912 டிசம்பரில் சிறை மீண்டார். 1914-இல் 'மெய்யறம்', 1915-இல் 'மெய்யறிவு', 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரைப் பதிப்பு ஆகியவை வெளிவந்தன. வறுமைக்கிடையே அவர் செய்த தொண்டு இது. அவருடைய பெயரை அறியாத தமிழர் அன்று யார்? கப்பல் ஓட்டியவர், செக்கிழுத்தவர் என்று மேடைதோறும் சொல்லிக் கைதட்டினோம். அக்கைதட்டலில் பத்தில் ஒரு பங்கு நூல் விலையாக மாறியிருந்தால் அவர் குடும்பம் அத்தனை துன்பப்பட்டிராது. தியாகிக்கு மாலை போடுவதில் நாம் சமர்த்தர். தியாகியின் நூலுக்கு விலை கொடுப்பதில் அல்ல. இக்குணம் இன்னும் நம்மை விடவில்லை என்பதற்குச் செம்பாக்கத்துக் கல்யாண மண்டபமே சாட்சி.

வாசகர் ஆசிரியனுக்கே உரியவராகும்போது என்ன நிகழும் என்பதற்குக் 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தி உதாரணமாவார். ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதி எழுதி வாசகரைச் சேர்த்தார். 1941-இல் அதை விட்டு விலகி, சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கியபோது அவ்வாசகர் அவரைப் பின்தொடர்ந்து வந்தனர். காரியாலயம் முதலாளியுடையது, நாற்காலி முதலாளியுடையது, வாசகர் மட்டும் எழுத்தாளருடையவர். காந்தியடிகள் தம் 'யங் இந்தியா', 'நவஜீவன்' பத்திரிகைகளை விளம்பரம் வாங்காமலே நடத்தினார் என்பதும் நினைவுகொள்ளத்தக்கது. சந்தாதாரர் கொடுப்பதைக் கொண்டு நடக்கும் பத்திரிகைக்கு மட்டுமே உண்மையை உள்ளபடி சொல்லும் சக்தி உண்டு என்பது அவருடைய அனுபவம்.

அப்படியானால் நூலாசிரியன் தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளலாமா? அமெரிக்கக் கவி வால்ட் விட்மன் 1855-இல் தம் முதல் கவிதை நூலைச் சொந்தச் செலவில் அச்சிட்டு, தாமே பெயரின்றி மதிப்புரைகளும் எழுதிப் பத்திரிகைகளில் வெளியிட்டார். மகா கவியாதலால் உலகம் அதை மன்னித்தது. எல்லோரையும் மன்னிக்கும் என்று எதிர்பார்க்கலாகாது. "என்னைப் பார்" என்று சொல்பவனை ஜனங்கள் ஒருநாள் பார்ப்பர். "இதைப் பார்" என்று சொல்பவனிடம் மறுநாளும் வருவர். செம்பாக்கத்து இளைஞர் தம் படத்தை நாள்தோறும் வெளியிடுவதைக் காட்டிலும், தாம் அறிந்த ஏரி, மதகு, கலங்கல் ஒவ்வொன்றின் வரலாற்றையும் வாரம் ஒன்றாக அதே நாளில் அதே நேரத்தில் எழுதி வருவாரானால், ஓராண்டில் 52 முறை வாசகரைச் சந்தித்தவராவார். ஒழுங்கைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை.

ஆதலின் அவருக்கு நாம் சொன்ன யோசனைகள் இவை. முதலாவது, ஒரு குறிப்புப் புத்தகம் வாங்கிக்கொள்ள வேண்டும். பிரதி வாங்கும் ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் அவருடைய சம்மதத்தோடு அதில் எழுத வேண்டும். அடுத்த நூல் வரும்போது முதற் கடிதம் அவர்களுக்கே போக வேண்டும். இரண்டாவது, நூல் எவ்விடத்தைப் பற்றியதோ அவ்விடத்திலேயே முதல் வாசகரைத் தேட வேண்டும். சென்னையில் உள்ள விமர்சகர் ஒருவர் வாய் திறப்பதற்குக் காத்திருப்பதைவிட, ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்த ஏரியில் நீச்சல் பழகிய முதியவர் நாலு பேரிடம் சொல்வது மேல். மூன்றாவது, இனாமாகப் பிரதி கொடுக்கும் வழக்கத்தை விட வேண்டும். இனாமாகப் பெற்ற நூல் படிக்கப்படுவது அரிது. வாங்க இயலாத மாணவருக்குப் பாதி விலைக்குக் கொடுக்கலாம். நூலகத்துக்கு ஒன்று கொடுக்கலாம். செல்வருக்கு இனாம் கொடுப்பது அவமானம்.

நான்காவது யோசனை வக்கீல் தொழிலில் பழகிய நம் வாயிலிருந்து வருவது. பெயர் பரவத் தொடங்கியதும் பதிப்பாளர் வருவர். அவசரத்தில் கையொப்பமிடலாகாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியனின் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அவன் நூலுக்கு உரிமை உண்டு. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்து மூலமாகவும் கையொப்பத்தோடும் இருக்க வேண்டும். காலவரையறை குறிப்பிடாவிட்டால் அது ஐந்தாண்டே செல்லும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். இதை அறியாமல், "எல்லா உரிமையும் எக்காலத்துக்கும்" என்று எழுதிய தாளில் ஒரு சிறு தொகைக்குக் கையொப்பமிட்டுவிட்டுப் பின்னர் வருந்துவோரை நாம் கண்டிருக்கிறோம். பாரதியாரின் பாடல் உரிமைகள் பல கைகள் மாறி, 1949-இல் சென்னை அரசாங்கம் வாங்கிப் பின்னர்ப் பொதுமக்களுக்கு உரியதாக்கும் வரையில், கவிஞரின் நாட்டினரே அப்பாடல்களுக்கு அனுமதி கேட்கும் நிலை இருந்தது. வாசகரைச் சேர்ப்பவன் உரிமையையும் காக்க வேண்டும்.

இனி, ஜனங்களுக்கும் சர்க்காருக்கும் சில வார்த்தைகள். பதிவுப் புத்தக அஞ்சல் என்னும் மலிவான வசதியைத் தபால் இலாகா 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டது. சிறு நூலாசிரியன் வெளியூர் வாசகருக்குப் பிரதி அனுப்பும் செலவு இதனால் ஏறிற்று. அன்று வாசகனுக்குப் போகும் பாதையை அந்நிய அரசாங்கம் பகைமையால் அடைத்தது. இன்று நம் அரசாங்கம் அசிரத்தையால் குறுக்குகிறது. அவ்வசதி மீண்டும் வர வேண்டும். நாடாளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் இதை எழுப்ப வேண்டும்.

பத்திரிகைகளும் குற்றமற்றவை அல்ல. மதிப்புரைக்கென்று வந்த நூல்கள் நமது மேசையிலும் தூசி படிந்து கிடக்கின்றன. இரண்டு பிரதிகள் வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வரி எழுதாதது ஒருவகைக் கடன் மோசடியே. வாரம் ஒரு நூலையாவது முழுவதும் படித்து, குறையும் நிறையும் மறைக்காமல் எழுதுவது என்று இன்று உறுதி செய்துகொள்கிறோம்.

செம்பாக்கத்துச் சகோதரர்களே! தாம்பரம் மாநகராட்சி 2021-இல் அமைந்தபோது உங்கள் ஊரும் அதனுள் சேர்ந்தது. வயல் இருந்த இடத்தில் அடுக்கு வீடுகள் எழுந்துள்ளன. எட்டிய தூரத்தில், 1937 முதல் தாம்பரத்தில் இருந்துவரும் கிறிஸ்தவக் கல்லூரி உண்டு. படித்தவர்க்குக் குறைவில்லை. உங்கள் ஏரியைப் பற்றி, உங்கள் தெருவைப் பற்றி, உங்கள் பிள்ளைகள் குடிக்கப்போகும் நீரைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு செல்வர் 300 பிரதிகள் வாங்கினாலும் 60,000 ரூபாய். முந்நூறு குடும்பங்கள் ஆளுக்கொரு பிரதி வாங்கினாலும் 60,000 ரூபாய். தொகை ஒன்றே. முதல் வகையில் ஓர் அத்தியாயம் மறையும். முந்நூறு பிரதிகளும் ஒரு கிடங்கில் உறங்கும். இரண்டாம் வகையில் அத்தியாயம் நிற்கும். முந்நூறு வீடுகளில் அது படிக்கப்படும். மழைக்காலத்தில் தெருவில் நீர் ஏறும்போது, அந்நீர் போகவேண்டிய கால்வாய் எங்கே போயிற்று என்று கேட்கத் தெரிந்த முந்நூறு பேர் இருப்பர். கட்சி எதுவாயினும் சரி, ஊருக்கு உழைப்பதாகச் சொல்லும் ஒவ்வொரு தொண்டரும் ஒரு பொன்னாடையின் விலைக்கு ஒரு நூல் வாங்கட்டும். மாதம் நூறு ரூபாய் வீதம் ஐம்பது வீட்டார் சேர்ந்து ஒரு வாசகர் சங்கம் கண்டால், மாதத்துக்கு 5,000 ரூபாய். இவ்விலையில் 25 நூல்கள். இது பெரிய தியாகமன்று.

அவ்விளைஞரின் இரண்டாவது கேள்விக்கு நாம் என்ன விடையளித்தோம் என்று வாசகர் கேட்கலாம். கடன்பட்டவனைப் பார்த்து, "வீரனாக இரு" என்று சொல்வது நமக்கு எளிது. வட்டி கட்டுகிறவர் அவர். ஆதலால், "வேண்டாம் என்று சொல்ல மூன்று மாதம் தவணை கேளுங்கள், அதற்குள் முந்நூறு பெயர் எழுதுங்கள்" என்றோம். குறிப்புப் புத்தகம் நமது மேசையிலேயே வாங்கி வைக்கப்பட்டது. முதற் பெயரை நாமே எழுதி, 200 ரூபாய் கொடுத்து, ஒரு பிரதி பெற்றுக்கொண்டோம். அந்த அத்தியாயம் அதில் இருக்கிறது. மற்ற 299 பெயர்களையும் எழுதவேண்டியவர்கள் ஏரிக்கரையில் வாழ்வோரே. எழுதுவார்கள் என்று நம்புகிறோம்.